காவக்குன்றில் கை அசைத்தவள்

ஜெயராஜ் டாக்ஸியைக் குன்றின் அடிவாரத்தில் ஒரு புளியமரத்துக்குக் கீழே நிறுத்தினான். 1969, தை மாதம். மதியச் சாப்பாட்டு வேளை தாண்டி, வெயில் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. பராசரன் காத்திருந்த வெயில் அதுதான். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால், முன்னால் பழவேற்காடு ஏரி ஓரம் முதல் ஓரம் வரை தெளிவாக விழும்.

பராசரனுக்குத் திருவள்ளூரில் ஒரு சின்ன ஸ்டூடியோ. அப்பாவும் அண்ணாவும் கோயில் கைங்கரியத்தில் இருக்க, இவர் மட்டும் காமிராவைப் பிடித்துக்கொண்டார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலை தொடங்க இருந்த ஒரு கம்பெனிக்காரர்கள் காலண்டருக்கு ஏரியின் படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். உயரத்திலிருந்து எடுத்தால்தான் அழகாக இருக்கும் என்று இவர் விசாரிக்க, ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் காவக்குன்று என்று ஒன்று இருக்கிறது என்று சொன்னவன் ஜெயராஜ். அவன் பிறந்தது அந்தப் பக்கம். டாக்ஸி ஓட்டுவது திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில்.

பராசரனின் மனைவி ஹேமாம்புஜம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். அன்று அவளுக்கு லீவு. பூநாரைகள் வந்திருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தானும் வருவேன் என்று புளியோதரையைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மூன்று பேரும் ஏறினார்கள். குன்று ஒன்றும் பெரிய உயரம் இல்லை. உச்சியில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கல்மேடை ஒன்று இருந்தது. ஏரியையும் அதற்கு அப்பால் கடலையும் கண்காணிக்க அங்கே ஒரு காவல்காரன் இருந்தானாம். இப்போது மேடையின் பொந்துகளில் ஓணான்கூட இல்லை.

மேலே நின்று பார்த்தால் ஏரி ஒரு தகட்டைப் போலக் கிடந்தது. நடுநடுவே மணல் திட்டுகள். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு.

"அதுதான் பூநாரையா? கோலம் போட்ட மாதிரின்னா இருக்கு!" என்றாள் ஹேமாம்புஜம்.

பராசரன் ஸ்டாண்டை விரித்து, பெரிய காமிராவை ஏற்றினார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். காமிராவின் பின்பக்கக் கண்ணாடியில் எதுவும் தலைகீழாகத்தான் தெரியும். மேலே ஏரி, கீழே வானம். முதல் படத்தை எடுத்தார். இரண்டாவதற்கு ஃபோகஸ் சரி பார்க்கப் பூதக்கண்ணாடியை வைத்தபோது, தண்ணீரின் நடுவே ஒரு படகு இருந்தது.

அதில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான்.

பராசரன் துணியை விலக்கி வெறுங்கண்ணால் பார்த்தார். பளபளப்புதான் தெரிந்தது. படகு எதுவும் இல்லை.

"ஹேமா, இங்கே கொஞ்சம் வந்து பாரேன்."

அவள் துணிக்குள் குனிந்தாள். பிறகு அவள் குரல் உள்ளேயிருந்து பதற்றமாக வந்தது.

"படகு அமுங்கறதுன்னா! அவன் முழங்கால் வரைக்கும் தண்ணி வந்துடுத்து. நம்மளைத்தான் கூப்பிடறான்!"

யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. எக்ஸ்சேஞ்ச் போர்டில் அழைப்பு விளக்கு ஒன்று எரிந்தால் சாப்பாட்டுக் கையோடு எழுந்து ஓடுகிறவள். துணியை உதறிவிட்டு மேடையின் விளிம்புக்கு ஓடினாள். இரண்டு கைகளையும் உயர்த்தி வீசி வீசிக் காட்டினாள்.

"இதோ வரோம்! பயப்படாதே! இதோ வந்துட்டோம்!"

அதுவரை வீசிக்கொண்டிருந்த காற்று நின்றது.

பராசரன் மறுபடி துணிக்குள் குனிந்தார். படகில் இருந்தவன் கையை இறக்கிவிட்டிருந்தான். இப்போது அவன் யாரையும் கூப்பிடவில்லை. உள்ளங்கையைப் புருவத்துக்கு மேல் வைத்து, குன்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருவரின் முகத்தை மனதில் பதித்துக்கொள்கிறவன் பார்க்கிற பார்வை அது.

சேற்று வாடை மேலே வந்தது. அவ்வளவு உயரத்துக்கு, காற்றே இல்லாமல்.

"சார், எறங்கிடலாம் சார்" என்றான் ஜெயராஜ். அவன் காமிராவில் எதையும் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் இறங்கும் பாதைப் பக்கம் திரும்பிவிட்டிருந்தான்.

பராசரன் அவசரமாக இரண்டாவது படத்தையும் எடுத்துவிட்டு இறங்கினார். ஏரிக்கரைக்கு வண்டியை விரட்டினார்கள். கரையில் எல்லாப் படகுகளும் மணலில் ஏறிக் கிடந்தன. முழங்கால் அளவு தண்ணீரில் ஒரு பெண் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்திருந்தாள். ஜெயராஜுக்குத் தெரிந்தவள்தான். பெயர் அஞ்சம்மாள்.

"அக்கா, யாருனா உள்ள மாட்டிக்கினாங்களா? இவங்க பாத்தாங்களாம்."

அஞ்சம்மாள் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு கரையேறினாள். "இன்னிக்கி ஒருத்தரும் எறங்கலியேப்பா. காலையிலேர்ந்து காத்து சரியில்ல."

"இல்லேம்மா, நான் பார்த்தேனே. நின்னுண்டு கை ஆட்டினான்" என்றாள் ஹேமாம்புஜம்.

அஞ்சம்மாளின் முகம் மாறியது. "மேலேர்ந்தா பாத்த?"

"ஆமாம்."

"நீ இன்னாமா பண்ண?"

"வரோம்னு கை காட்டினேன்."

பறி அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. இறால்கள் மணலில் துள்ளின. அவற்றைப் பொறுக்க அவள் குனியவில்லை.

"ஏமா காட்டின?" என்றாள் மெதுவாக. "எங்கம்மா சின்னப் பொண்ணா இருந்தப்போ ஒரு புயல்ல ஒருத்தன் நடு ஏரியில மாட்டிக்கினான். மேல இருந்த காவக்காரன் அத்தப் பாத்துட்டு, வர்றேன்னு கை காட்டினானாம். காட்டினவன் எறங்கி வரவே இல்ல. இவன் நம்பிக்கினு நின்னான். கழுத்து மட்டும் தண்ணி ஏறியும் நம்பிக்கினு நின்னான். அதுலேர்ந்து மேல நின்னுக்கினு யாரு கை காட்டினாலும் அவன் காத்துக்கினே இருப்பான்மா. வர்ற வரைக்கும் உட மாட்டான்."

"அதுக்கு என்ன பரிகாரம்?" என்று கேட்டார் பராசரன். நம்பிக் கேட்டாரா, சும்மா கேட்டாரா என்று அவருக்கே தெரியவில்லை.

அஞ்சம்மாள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "தெரிஞ்சா சொல்ல மாட்டமா, நைனா?"

திரும்பும் வழியில் ஹேமாம்புஜம் ஏரி இருந்த திசையையே பார்த்துக்கொண்டு வந்தாள். புளியோதரை மூட்டை பிரிக்கப்படாமலே மடியில் இருந்தது. திருநின்றவூர் தாண்டும்போது சொன்னாள், "பாவம். எத்தனை நேரம் நின்னானோ."

பராசரன் டார்க் ரூமில் படங்களைக் கழுவினார். முதல் படம் அற்புதமாக வந்திருந்தது. காலண்டருக்குக் கொடுத்துவிடலாம். இரண்டாவது படத்திலும் ஏரி இருந்தது, திட்டுகள் இருந்தன. படகு இல்லை. ஆனால் குன்றுக்குக் கீழே, கரையை ஒட்டின ஆழமில்லாத தண்ணீரில், ஒரு மனிதன் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அதை மனைவிக்குக் காட்டாமல் அடுப்பில் போட்டார்.

நாலைந்து நாட்கள் கழிந்தன. ஹேமாம்புஜம் வேலையிலிருந்து திரும்பியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்னா, இன்னிக்கு ஒரு கால் வந்தது. எந்த லைன்னே தெரியலை. நம்பர் ப்ளீஸ்னேன். தண்ணி அலம்பற சத்தம்தான் கேட்டது. அப்புறம் ஒருத்தன் ரொம்ப மெதுவா..."

"என்ன சொன்னான்?"

"வர்றேன்னு கை காட்டினியே, அப்படின்னான்."

பராசரன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாளும் அந்த அழைப்பு வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. கோபமே இல்லாத குரலாம். காத்திருந்து காத்திருந்து தேய்ந்த குரலாம். அவளை லீவு போடச் சொன்னார். வீட்டில் டெலிபோன் கிடையாது என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. இரண்டாம் நாள் பக்கத்து வக்கீல் வீட்டிலிருந்து ஆள் வந்தது. "மாமிக்கு போன் வந்திருக்கு. யாருன்னு சொல்லலை. லைன்ல ஒரே தண்ணி சத்தம்."

அண்ணா கோயிலிலிருந்து தீர்த்தமும் துளசியும் கொண்டுவந்து கொடுத்தார். ஜெயராஜ் தன் சர்ச்சில் ஜெபம் செய்த எண்ணெயைக் கொண்டுவந்தான். அவள் இரண்டையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

"பயமா இருக்கா, ஹேமா?"

"இல்லேன்னா. அதுதான் பயமா இருக்கு. சொன்ன வார்த்தையைக் காப்பாத்தணும்னு கால் தானா இழுக்கறது."

அன்றிலிருந்து அவள் புடவைத் தலைப்பைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுத்தார் பராசரன். ஒரு நாள் விடிந்தபோது முடிச்சு முடிச்சாகவே இருந்தது. புடவையும் இருந்தது. அவள் வேறு புடவை கட்டிக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

எங்கே போயிருப்பாள் என்று அவர் யோசிக்கவே இல்லை. ஸ்டேஷனுக்கு ஓடி ஜெயராஜை எழுப்பினார். கிளம்பும்போது என்ன நினைத்தாரோ, காமிராவையும் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டார். வழியில் ஒரு ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. பராசரன் வண்டியிலிருந்து இறங்கி கேட்டைப் பிடித்து உலுக்கினார். கேட் கீப்பர் திட்டினான். கூட்ஸ் வண்டி அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஏரிக்கரையில் கூட்டம் கூடியிருந்தது. அஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் கத்தினேன் சாமி! கையப் புடிச்சி இழுத்தேன். 'வரேன்னு சொல்லிட்டேன், போகணும், வுடுங்கோ'ன்னு சொல்லிக்கினே அந்தம்மா நடந்துச்சி. முட்டி அளவு தண்ணிதான். போய்க்கினே இருந்துச்சி. அப்புறம் வெயில் கண்ணுல அடிச்சிது. பாத்தா ஆளக் காணோம்."

மீனவன் கலியன் கழி ஊன்றித் தள்ளும் சின்னப் படகோடு தயாராக இருந்தான். "கீழேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியாது சார். தண்ணி கண்ணக் கூசுது. யாருனா மேல நின்னு எந்தப் பக்கம்னு காட்டணும்."

"நான் போறேன்" என்றார் பராசரன். ஜெயராஜ் படகில் ஏறிக்கொண்டான்.

காமிராவைத் தோளில் சுமந்துகொண்டு அவர் குன்றில் ஓடினார். முழங்கால் பாறையில் உரசி ரத்தம் வழிந்தது. மேடையில் ஸ்டாண்டை விரித்தார். அவசரத்தில் திருகாணி ஏறவில்லை. கடைசியில் எப்படியோ பொருத்தி, துணிக்குள் நுழைந்து, கண்ணாடியைப் பார்த்தார்.

படகு இருந்தது.

அவன் நின்றுகொண்டிருந்தான். அவன் காலடியில் ஹேமாம்புஜம் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவரைப் பார்த்து.

வாயைத் திறந்து மூடினாள். சத்தம் கேட்கவில்லை. 'ஏன்னா' என்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

கீழே கலியனின் படகு தப்பான திசையில் போய்க்கொண்டிருந்தது. பராசரன் தொண்டை கிழியக் கத்தினார். ஏரி அந்தச் சத்தத்தை விழுங்கிக்கொண்டது. கையால் காட்டினால்தான் உண்டு. மேலே நின்று கை காட்டினால் என்ன ஆகும் என்றும் அவருக்குத் தெரியும்.

கறுப்புத் துணியை உருவிக் கையில் எடுத்தார். இரண்டு கைகளாலும் உயர்த்தி வீசினார். இடப்பக்கம். இன்னும் இடப்பக்கம். நேரே. நேரே.

ஜெயராஜ் பார்த்துவிட்டான். கலியன் படகைத் திருப்பினான்.

பராசரன் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். இரண்டு படகும் நெருங்கின. இன்னும் நெருங்கின. பத்தடி. ஐந்தடி.

ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்தன.

ஹேமாம்புஜம் கையை நீட்டினாள். ஜெயராஜின் தோளுக்கு ஒரு சாண் தூரம்தான். ஜெயராஜ் அவளுக்கு ஊடாகவே தண்ணீரைப் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு குன்றை நிமிர்ந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று கையை விரித்தான்.

"அங்கேதாண்டா! உன் பக்கத்துலடா!" பராசரன் காமிராவுக்குள்ளேயே கதறினார். "பிடிடா ஜெயராஜ்! பிடிச்சுக்கோடா!"

கண்ணாடியில் விரல் வைத்தால் அவளைத் தொட்டுவிடலாம். வைத்தார். குளிர்ந்த கண்ணாடிதான் விரலில் பட்டது.

அப்போது நின்றுகொண்டிருந்தவன் குன்றின் பக்கம் திரும்பினான். உள்ளங்கையைப் புருவத்துக்கு மேல் வைத்தான்.

ஒரு கணம்தான். அடுத்து கண்ணாடியில் ஏரியும் வானமும் கலியனின் படகும் மட்டும் இருந்தன.

பொழுது சாயும் வரை தேடினார்கள். மறுநாள் வலை போட்டு அரித்தார்கள். போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. ஏரி எதையும் திருப்பித் தரவில்லை.

முதல் நாள் பொழுது சாய்ந்தபோது ஜெயராஜ்தான் அவரை வண்டியில் வைத்துக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டான். அதற்குப் பிறகு அவன் திருவள்ளூரில் தென்படவில்லை. வண்டியை விற்றுவிட்டுச் சொந்த ஊர்ப் பக்கமே போய்விட்டான் என்றார்கள்.

பராசரன் அந்த வீட்டிலேயே தனியாக இருந்தார். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படங்கள் மட்டும் எடுத்தார். உயரமான இடம் எதற்கும் போவதில்லை, சொந்த வீட்டு மாடிக்குக்கூட. அண்ணா தன்னோடு வந்து இருக்கும்படி கூப்பிட்டார். "அவ திரும்பி வந்தா வீடு பூட்டியிருக்கப்படாது" என்று ஒரே பதில்தான்.

1974 ஆவணியில் ஒரு சாயங்காலம் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் யாரோ, "சார்" என்றார்கள். ஜெயராஜ். தலை பாதி நரைத்திருந்தது. கடம்பத்தூரில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்தானாம். இரண்டு பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"சார், ஒண்ணு கேக்கட்டா?" என்றான் ஜெயராஜ். "ஊட்ல... எல்லாம் சரியா கீதா?"

"தனிக்கட்டை. சரியா இருக்கறதுக்கு என்ன இருக்கு?"

ஜெயராஜ் டம்ளரை வைத்தான். சுற்றிலும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அன்னிக்கி நீங்க மேலேர்ந்து காட்டின எடத்துல எனக்கு ஒண்ணும் தெரியல சார். மாதா மேல சத்தியம். ஆனா அங்கேர்ந்து திரும்புறப்போ படகு கனத்துச்சி. கலியன் கழிய ஊனி ஊனித் தள்ளுறான், நகரல. கரைய தொட்டதும் லேசாயிடுச்சி."

பராசரன் டீயைக் கீழே வைத்தார்.

"கலியன் மூஞ்சிய நான் பாத்தேன், என் மூஞ்சிய அவன் பாத்தான். அப்புறம் உங்களக் கூட்டிக்கினு வந்து முன் சீட்டுல குந்த வெச்சேன். நீங்க அழுதுக்கினு இருந்தீங்க. பின் சீட்டுல யாரும் இல்ல. பின்கதவு தொறந்துக்கினு இருந்திச்சி. சாத்தப் போறேன், வண்டி பின்னால அமுங்கிச்சி சார். ஆள் ஏறினா அமுங்குமே, அப்படி." அவன் இரண்டு விரலைக் காட்டினான். "ரெண்டு தபா அமுங்கிச்சி."

"ரெண்டு தடவையா?"

"வழி முச்சூடும் நான் கண்ணாடியில பின்னால பாக்கவே இல்ல. உங்க ஊட்டாண்ட நிறுத்தினேன். நீங்க எறங்கிப் போனீங்க. அப்புறம் வண்டி பின்னால தூக்கிக்கிச்சி." ஜெயராஜின் கண் கலங்கியது. "ஒரு தபாதான் சார்."

பராசரன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார், "இறங்கினது யார், ஜெயராஜ்?"

"தெரியாது சார். அம்மாவாத்தான் இருக்கணும்னு தெனம் வேண்டிக்கினு கீறேன். வண்டிய அந்த வாரமே வித்துட்டேன். வண்டியிலயே இருந்துட்ட மீதி ஒருத்தரு யாரோ, அது எனக்கு வேணாம் சார்."

சென்னை பாசஞ்சர் ரயில் வந்தது. வேலை முடிந்து திரும்புகிறவர்கள் திமுதிமுவென்று இறங்கி இரண்டு பேரையும் இடித்துக்கொண்டு போனார்கள். கூட்டம் விலகியபோது ஜெயராஜ் போய்விட்டிருந்தான்.

பராசரன் வீட்டுக்கு நடந்தார். தெருவில் விளக்கு வைக்கும் நேரம். குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தன. வக்கீல் வீட்டில் ரேடியோ பாடியது. இத்தனை வருஷமாகத் தான் யாரோடு இருந்தோம் என்று யோசித்தபடியே வாசலுக்கு வந்தார். திரும்பி அண்ணா வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தார். உள்ளே இருப்பது அவளாக இருந்தால்?

பூட்டைத் திறந்து எடுத்தார். கதவைத் தள்ளினார்.

திறக்கவில்லை.

மறுபடி தள்ளினார். காலையில் கொல்லைக் கதவுக்குத் தாழ் போட்டு, இந்தக் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போனவர் அவர்தான். பூட்டு அவர் கையில் இருந்தது. கதவு உள்பக்கம் தாழிடப்பட்டிருந்தது.

"ஹேமா?" என்றார், தெருவில் யாருக்கும் கேட்காத குரலில்.



உள்ளே யாரோ தாழ்ப்பாளை மெதுவாக விலக்கினார்கள்.